கங்காணியைப் பாட்டிலிருந்து நீக்காதீர்கள்: நாட்டுப்புறப் பாடல் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் நடுவர் பெருமக்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் தாங்கள் நடத்தவிருக்கும் நாட்டுப்புறப் பாடல் போட்டியின் விதிமுறைத் தாளை செந்தூல் வட்டாரத்துக் கோயில் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் படித்தேன். பிரிந்து வந்த மண்ணைப் பற்றிய பாடல்களை இவ்வாண்டின் கருப்பொருளாக வைத்திருக்கிறீர்கள். திரைப்பாடல் போட்டி என்றால் மண்டபம் நிரம்பும். நாட்டுப்புறப் பாட்டு என்றால் போட்டியாளர்களின் பெற்றோர் மட்டுமே வந்து உட்காருவார்கள். அது தெரிந்தும் இந்தப் பொருளைத் துணிந்து எடுத்துக்கொண்டதற்கு மனமார நன்றி சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இப்போட்டிக்கு ஒரு மாணவியைப் பயிற்றுவித்து வருபவள் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன். குழுவுக்கு மட்டும் கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் நான் பேசப்போகும் விதி தங்கள் போட்டியோடு நிற்பதில்லை. பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் நடக்கும் பல போட்டிகளில் ஏறத்தாழ அதே சொற்களில் அதைப் பார்த்து வருகிறேன். ஆகவே எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று பட்டது.

பாடல் நான்கு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒரு விதி. பின்னணி இசை கட்டாயம் என்பது இன்னொரு விதி. இவ்விரண்டையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, ஒப்பாரிச் சாயல் கொண்ட வரிகளும் எவரையும் பழிக்கும் வரிகளும் பாடலிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும், மீறினால் மதிப்பெண் குறைக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வழக்கு இந்த மூன்றாவது விதியோடுதான். ஊரைப் பிரிந்து கடல் கடந்து வந்தவர்களின் பாட்டைக் கேட்கிறீர்கள். அதே மூச்சில், அவர்கள் அழுததையும், தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்துக் கொண்டுவந்து தங்களை அழவைத்த கங்காணியைத் திட்டியதையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். அவற்றை எடுத்துவிட்டால் அந்தப் பாடல்களில் மிஞ்சுவது குருவியும் தென்றலும் வாய்க்கால் தண்ணீரும்தான். அப்படிப்பட்ட பாடல்களை நேற்று எழுதி இன்று மெட்டமைத்துவிடலாம். அதற்கு எந்தப் பாட்டியின் நினைவையும் தேடிப் போக வேண்டியதில்லை.

விதிமுறைத் தாளோடு இணைத்திருக்கும் மாதிரிப் பாடல் பட்டியலில் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாடல் இருக்கிறது. அந்தப் பாடல் முழுக்க விம்மல்தான். அந்தப் பெண்கள் அழுத குரலைக் கேட்டாயா என்று காற்றையே கூப்பிட்டுக் கேட்கிறது அது. பாரதி பிஜிக்குப் போனவரல்லர். செய்தி கேட்டு நெஞ்சு பதைத்துப் பாடினார், பாடியதும் நன்றே. என் கேள்வி சிறியது: போகாதவர் பாடிய அழுகைக்கு மேடை உண்டு என்றால், போய் வாழ்ந்து செத்தவர்கள் பாடிய அழுகைக்கு மட்டும் மதிப்பெண் ஏன் குறைய வேண்டும்?

நாடிழந்தவர் பாட்டு தமிழுக்குப் புதிதன்று. பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றின் 112ஆம் பாடலாக வைக்கப்பட்டிருப்பது ஐந்தே அடிகள் கொண்டது. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தார், பறம்பு மலையும் எங்களிடம் இருந்தது. இந்தத் திங்களின் நிலவில் மலையும் போயிற்று, தந்தையும் இல்லை. இவ்வளவுதான் சொல்கிறார்கள் அந்தப் பெண்கள். கண்ணீர் என்ற சொல்கூட அதில் கிடையாது. ஆனால் மலையைக் கொண்டவர் யார் என்பதை மட்டும் அவர்கள் விடவில்லை. "வென்றெறி முரசின் வேந்தர்" என்று பறையறைந்து சொல்கிறார்கள். மூவேந்தரும் ஒன்றுகூடி முற்றுகையிட்டும் போரில் வெல்ல முடியாத மலையை வஞ்சனையால் கொண்ட கதை கேட்பவருக்குத் தெரியும். ஆகவே வெற்றி முரசு என்ற அந்தப் பாராட்டில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதும் தெரியும். எவரையும் பழிக்கும் வரியை நீக்குக என்ற தங்கள் விதியை அப்பாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நான்காம் அடி போய்விடும். எஞ்சியிருப்பது இரண்டு பெண்கள் நிலவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி.

எங்கள் செந்தூலில் கிறிஸ்துவக் குடும்பங்களும் அதிகம். அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லாத ஒரு பாட்டு விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன நினைவிலிருந்து பிறந்த 137ஆம் சங்கீதம் அது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுகிறார்கள். கின்னரங்களை அலரிச் செடிகளில் மாட்டிவிடுகிறார்கள். சிறைப்பிடித்தவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டில் ஒன்றைப் பாடிக் காட்டுங்கள், மகிழ்ச்சியாகப் பாடுங்கள் என்று கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்பதே அதற்குக் கிடைக்கும் பதில். ஒன்பது வசனங்கள் கொண்ட அந்தச் சங்கீதம் அங்கே முடிந்துவிடவில்லை. அண்டை நாடான ஏதோமைச் சபித்து, பாபிலோனைச் சபித்து, கடைசி வசனத்தில் பாபிலோனின் குழந்தைகளைப் பற்றி, வாய்விட்டுச் சொல்லவே கூசுகிற ஒரு சாபத்தில் போய் நிற்கிறது. அந்த வசனத்தை நான் மனமொப்பி என்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தொகுத்தவர்களும் படியெடுத்தவர்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு இந்தச் சங்கீதத்தை எடுத்துப் பாடியபோது, சாப வசனங்களை விட்டுவிட்டு 19ஆம் சங்கீதத்தின் கடைசி வேண்டுதலை அந்த இடத்தில் சேர்த்தது. 1978இல் போனி எம் குழு அதையே உலகமெங்கும் கொண்டுபோனது. இன்றைக்கும் நம் ஊர்த் திருமண விருந்துகளில் அந்த மெட்டு ஒலித்தால் மாமாக்கள் எழுந்து ஆடுகிறார்கள். நல்ல மெட்டு, நானும் கைதட்டியிருக்கிறேன். ஆயினும் கோபத்தை எடுத்துவிட்டால் சிறைப்பட்டவர் பாட்டு எவ்வளவு எளிதாக ஆட்டப் பாட்டாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் பாட்டுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். பின்னாளில் வந்தவர்களுள் எத்தனையோ பேர் முதலில் கண்டது பினாங்குப் பட்டணத்தை அன்று, தொற்றுநோய்க் காப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட ஜெரெஜாக் தீவைத்தான். 1910இல் ஒப்பந்த முறைக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே காப்பித் தோட்டங்களிலும் பிறகு ரப்பர்த் தோட்டங்களிலும் வேரூன்றிவிட்ட கங்காணி முறை, 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை நடந்தது. இந்த ஆண்டுகளையெல்லாம் தாங்கள் அறிவீர்கள். பாட்டுக்கு இதில் முக்கியமானது கங்காணி யார் என்பதுதான். அவன் தோட்டத்திலேயே வேலை செய்தவன். துரையின் அனுமதிச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் பேசி அழைத்து வந்தவன். அழைத்து வந்த ஆள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவன். துரை எட்டாத தூரத்தில் இருந்தான். அவனைத் திட்டினாலும் திட்டாவிட்டாலும் ஒன்றே. கங்காணியோ மாமன் முறை, சித்தப்பன் முறை. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னவன், இங்கே விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கூப்பிடுகிறான்.

நம் தோட்டப்பாட்டின் கோபம் பெரும்பாலும் அவன்மேல் போவது இதனால்தான். அந்நியன் ஏமாற்றினான் என்று அழுவது ஒரு வகை. அத்தான் முறைக்காரன் ஏமாற்றினான் என்று அழுவது வேறொரு வகை. இரண்டாவது அழுகையில் பாதி திட்டும் பாதி உறவுமாக இருக்கும். ஒரே அடியில் அவனை "நாசமாய்ப் போக" என்றும் "எங்க ஐயா" என்றும் சொல்லும் பாடகியரை நான் கேட்டிருக்கிறேன். இந்தக் குழப்பத்தைப் பாட்டிலிருந்து துடைத்துவிட்டால், ஒரு சமூகம் தன் ஆட்களாலேயே எப்படி இடம்பெயர்க்கப்பட்டது என்பதற்கு மக்கள் வாயிலிருந்து கிடைக்கும் சாட்சியமும் போய்விடும். அறிக்கைகளில் துரைமார் எழுதியது மட்டும் இருக்கும்.

போட்டி மேடைகளில் ஆண்டுதோறும் பார்க்கும் ஒரு காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று, கையில் அட்டையால் செய்த உளியோடு, காகித மரத்தைச் சீவிக்கொண்டே ஒரே குரலில் பாடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பால்மரம் சீவும் வேலை அப்படி நடப்பதில்லை. நாற்று நடும் பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து ஒரே தாளத்தில் கையை அசைப்பார்கள், அதனால் நடவுப் பாட்டுக்குக் குழுக் குரல் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மர வரிசையான நிரைக்குள் போய்விடுவார்கள். மரங்களுக்கு இடையில் அடுத்தவரின் விளக்கு வெளிச்சம் ஆடுவது தெரியும், ஆள் தெரியாது. பழைய வெட்டின் மேல் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பட்டையை நூல்போலச் சீவிவிட்டு, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, பால் இறங்கத் தொடங்கியதைப் பார்த்ததும் அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். மழைக்கு முன்னால் நிரை முடிய வேண்டும், ஆகவே ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். அங்கே சேர்ந்து பாட யார் இருக்கிறார்கள்? களையெடுப்புக்கும் உரம் போடுவதற்கும் போகிற வெளிக்காட்டு வேலைக்காரப் பெண்கள் கூட்டமாகப் பாடியதுண்டு. பால்மரக்காட்டின் பாட்டு தனிக்குரல் பாட்டு. வாய்க்குள் முனகுவது, பாதியில் விடுவது, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பிய பின் தொட்டில் ஆட்டும்போது மிச்சத்தைப் பாடுவது என்று துண்டு துண்டாகத்தான் அது வாழ்ந்தது. பின்னணி இசையோ நடனமோ இல்லாமல் ஒருத்தி தனியாக நின்று பாட அனுமதி கேட்பது எளிமைக்காக அன்று. அந்தப் பாட்டு அப்படித்தான் இருந்தது என்பதற்காக.

தாலாட்டிலேயே இந்தப் பிரிவு எப்படி நுழைந்தது என்பதை நான் கேட்ட ஒன்றிலிருந்து சொல்கிறேன். நம் தாலாட்டின் அமைப்பு தாங்கள் அறிந்ததே. அழுகிற குழந்தையிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டன், பாட்டி என்று உறவுகளை ஒவ்வொருவராக அழைத்துப் பாட்டை நீட்டிக்கொண்டே போவார்கள். மாமன் கொண்டுவரும் சீரை அடுக்குவார்கள். சிலாங்கூரின் டிங்கிலில் ஒரு மூதாட்டி எனக்குப் பாடிக் காட்டிய தாலாட்டிலும் இவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வந்து சேர முடியாத காரணத்தோடு வந்தார்கள். மாமன் வரக் கப்பல் இல்லை. அத்தை வந்தால் கங்காணி பேரேட்டில் அவள் பெயர் ஏறிவிடும். பாட்டிக்குக் கடல் என்றால் பயம். அந்தக் குழந்தைக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லாமல், பக்கத்து லயத்துக்காரர் ஒருவரைத் தாய்மாமனாக உட்கார வைத்தார்களாம். அந்த மனிதரின் பெயரும் பாட்டில் இருக்கிறது. சீர் என்று அவர் கொடுத்தது ஒரு மங்கு நிறைய அரிசி. இதை ஒப்பாரிச் சாயல் என்று சொல்வீர்களா, தாலாட்டு என்று சொல்வீர்களா? நடுவர்கள் எந்த வரியில் மணியடிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பாரி என்றே அமைந்தவையும் உண்டு. அவற்றுள், இன்று தாய்லாந்து எனப்படும் சயாமுக்குப் போனவர்களைப் பற்றியவை மிகக் கொடுமையானவை. 1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஒப்பாரி என்பது பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடுவது. இங்கே பிணம் இல்லை, இறந்த நாள் தெரியாது, திதி கொடுக்க வழியில்லை. நான் கேட்ட ஒன்றில், புருஷன் வண்டியேறிப் போன நாளையே இறந்த நாளாக வைத்துக்கொண்டு ஒருத்தி பாடுகிறாள். ஊரிலிருந்து என்னைக் கூட்டி வந்த கப்பல் ஒன்று, உன்னைக் கொண்டுபோன ரயில் ஒன்று, இரண்டுக்கும் வழிகாட்டியவன் ஒருவனே என்பது அவள் கணக்கு. அந்த வரியை நீக்கிவிட்டுப் பாடு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தங்கள் கருப்பொருளில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. பிரிந்து வந்த மண் என்றவுடன் அறிவிப்புத் தாளில் நெல்வயலும் மாட்டுவண்டியும் கோபுரமும் வரைந்திருக்கிறீர்கள். இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் அந்த வயலைப் பார்த்ததே இல்லை. அவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ லயத்து வீட்டிலோ பிறந்தவர்கள். அவர்கள் பாடும்போது தேடுகிற மண் எது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். மாரியம்மன் கோயில் முற்றம், பால் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குழாயடி, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகை, சம்பள நாளில் கடை போடும் செட்டியின் பாய். இவையெல்லாம் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்சார் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்த தேசிய அரங்கம் புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. பிராங் பெசாரும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவாயின; அங்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானபோதும், வேலை போனதோடு வீடும் போயிற்று. ஏனென்றால் வீடு வேலையோடு சேர்ந்தது.

மேலே சொன்ன மூதாட்டி அந்த அடுக்குமாடிக்காரர்தான். அவர் பாட்டில் தமிழ்நாட்டு ஊரின் பெயர் ஒருமுறைதான் வருகிறது, அதுவும் அம்மா சொல்லக் கேட்டது என்ற அடைமொழியோடு. தோட்டமோ நிரை நிரையாக வருகிறது. எந்த நிரையில் மரம் கொழுத்த மரம், எந்த மேட்டில் சறுக்கும், எந்த வளைவில் காட்டுப் பன்றி நிற்கும் என்பதையெல்லாம் கும்மி மெட்டில் வைத்திருக்கிறார். பாடிக்கொண்டே வந்தவர், கோயிலைப் பெயர்த்த இடம் வந்ததும் மெட்டை விட்டுவிட்டுப் பேச்சாகச் சொன்னார். பிறகு பேச்சிலிருந்து ஒப்பாரிக்குப் போனார். மீண்டும் கும்மிக்கு வரவில்லை. மூன்று வகையும் ஒரே பாட்டில் இருந்தன. தங்கள் படிவத்தில் "பாடல் வகை" என்ற கட்டத்தில் ஒன்றை மட்டும் எழுத இடம் விட்டிருக்கிறீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 1969க்குப் பிறகு, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கே திரும்பிப் போனார்கள். ரஜுலா கப்பலில் வந்தவர்களுள் சிலர் ரஜுலாவிலேயே போனார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்களை அங்கே மலாயாக்காரர் என்றுதான் அழைத்தார்கள். அவர்களோடு போன பிள்ளைகளுக்குப் பிரிந்து வந்த மண் எது? தங்கள் அறிவிப்புத் தாளில் வரைந்திருக்கும் கோபுரம் அவர்கள் போய் இறங்கிய இடம். அவர்கள் இழந்தது கோலசிலாங்கூரிலும் சுங்கை சிப்புட்டிலும் இருந்தது. கருப்பொருளை ஒரு நாட்டோடு கட்டிப்போடாமல், எந்த மண்ணை இழந்தவரும் பாடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தங்கள் தரப்பில் சொல்லக்கூடியவற்றை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. பிள்ளைகள் மேடையில் அழுது வடிய வேண்டாம், வெற்றிபெற்ற இனமாக நம்மைக் காட்ட வேண்டும் என்று நன்கொடையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது ஒன்று. இந்தக் காரணத்தை நான் மதிக்கவில்லை. நன்கொடையாளர் பேசுவதற்குத்தான் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அரை மணி நேரம் ஒதுக்குகிறீர்களே, வெற்றியை அவர் அங்கே பேசிக்கொள்ளட்டும். கங்காணிகளின் பேரப்பிள்ளைகளும் அவையில் இருப்பார்கள், அவர்கள் மனம் புண்படும் என்பது இன்னொன்று. இது உண்மையான சங்கடம். கங்காணிகளுள் கோயில் கட்டியவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் தொடங்க நின்றவர்கள் உண்டு, தன் ஆட்களுக்காகத் துரையிடம் போய் நின்றவர்களும் உண்டு. அவர்களைப் பாராட்டும் பாட்டு கிடைத்தால் அதையும் மேடையேற்றுங்கள். ஆனால் ஒருவர் பாட்டனின் மரியாதைக்காக இன்னொருவர் பாட்டியின் வாயைப் பொத்துவது நியாயமாகாது.

மூன்றாவது ஒன்றைத் தாங்கள் வெளிப்படையாக எழுதவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சில பாடல்களில் சாதிப் பெயர் சொல்லி இழிக்கும் வரிகள் இருக்கின்றன. லயங்களையே சாதி பார்த்துப் பிரித்து வைத்த காலத்துப் பாட்டு, அந்த அழுக்கு இல்லாமல் இருக்காது. அப்படிப்பட்ட வரியைப் பள்ளிப் பிள்ளையின் வாயில் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். அந்த இடத்தில் தங்கள் கத்தரிக்கோலுக்கு என் ஆதரவு முழுமையாக உண்டு, ஒரு நிபந்தனையோடு: மேடையில் விட்டது பதிவில் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவனை இழிக்கும் வரியும், ஒடுக்கியவனைத் திட்டும் வரியும் பழிச்சொல் என்ற ஒரே தலைப்பின்கீழ் வருவதை மட்டும் ஏற்க இயலாது. இரண்டையும் பிரித்தறிய நடுவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையை விதி கட்டிவிட வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அழுகை, பழிப்பு பற்றிய விதியை எடுத்துவிட்டு, சாதியிழிவுக்கு மட்டும் தடை என்று எழுதுங்கள். தனிக்குரலில், இசைக்கருவி இல்லாமல் பாடுவதை அனுமதியுங்கள். தப்போ உறுமியோ வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நான்கு நிமிடம் போதாது, எட்டு வரையாவது விடுங்கள். பாடத் தொடங்குமுன், எந்தத் தோட்டத்துப் பாட்டு, யாரிடம் கற்றது, அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று போட்டியாளர் சொல்லட்டும். அதற்கு மதிப்பெண் கொடுத்தால் பிள்ளைகள் காணொளியைப் பார்த்து மனப்பாடம் செய்வதை விட்டு வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருவார்கள். மேடைக்கு வர இயலாத முதியவர்களின் பாட்டை, அவர்கள் சம்மதம் பெற்று, வீட்டுக்கே போய்ப் பதிவு செய்ய இரண்டு தொண்டர்களை அனுப்புங்கள். கைப்பேசி போதும், ஆனால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நான் கேட்ட பல பதிவுகளில் பாட்டுக்கு மேல் தொடர்நாடகம் ஓடுகிறது. அவற்றின் படிகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கும் ஒப்படைக்கக் கேட்டுப் பாருங்கள். பரிசுக் கோப்பைகளின் உயரத்தில் கொஞ்சம் குறைத்தாலே இதற்கான செலவு தேறிவிடும்.

இவற்றுள் எதையும் இவ்வாண்டு செய்ய இயலாது என்று தாங்கள் முடிவெடுத்தாலும் எனக்கொரு தெளிவு தேவைப்படுகிறது. என் மாணவி படிவத்தைக் கொடுத்துவிட்டாள். அவள் பாடப்போவது டிங்கில் மூதாட்டியிடம் அவளே நேரில் போய்க் கற்றுக்கொண்ட தாலாட்டு. முழுதாகப் பாடினால் ஆறு நிமிடத்துக்கு மேல் வரும். மாமன் வரமுடியாத இடத்தில் கங்காணி வருவான், அவனுக்கு இரண்டு அடி வசவும் விழும். அந்த அடிகளை விட்டுவிட்டுப் பாடவா என்று அவள் அந்த டிங்கில் பாட்டியிடம் கேட்டாள், பாட்டி கூடாது என்றார். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், அதற்கு இருவரும் தயார்தான். பாடிக்கொண்டிருக்கும்போது மணியடித்து இறக்கிவிடுவீர்களா என்பதை மட்டும் போட்டி நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்தால், பாட்டியை முன்வரிசையில் உட்கார வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி
செந்தூல், கோலாலம்பூர்